சென்னப்பன் லாரியில் தலை எண்ணுவதில்லை

பாப்பாரப்பட்டிச் சந்தையில் புளி வியாபாரம் செய்யும் சென்னப்பன் என் தங்கை தீர்த்தம்மாளின் வீட்டுக்காரர். மூட்டை எண்ணுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஏற்றும்போது ஒரு தடவை, கயிறு கட்டியபின் ஒரு தடவை, இறக்கும்போது ஒரு தடவை எண்ணுவார். ஆனால் ஆளை மட்டும் எண்ண மாட்டார். பந்தி நடக்கிற இடத்தில் எத்தனை இலை போடுவது என்று கேட்டால், "போட்டுக்கினே போ, போதும்னா சொல்றேன்" என்பார்.

அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அறுபத்தொன்றில் ஜனக்கணக்கு எடுக்க ஒரு வாத்தியார் வந்தார். அப்போது சென்னப்பனுக்கு இரண்டு பையன்கள். வாசலில் நின்ற நாலு பேரையும் பேனாவால் சுட்டிச் சுட்டி, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எழுதிக்கொண்டு போனார். அந்த மாசமே பெரிய பையன் காய்ச்சலில் போய்விட்டான். அடுத்த வருஷம் சின்னவனும் போனான். அந்த வருஷங்களில் ஊரெல்லாம் காய்ச்சல் இருந்தது, வாத்தியார் என்ன செய்வார் பாவம் என்று நான் எவ்வளவோ சொன்னேன்.

"நாலுன்னு எழுதினான் மச்சான். எழுதின மை காயறதுக்குள்ள மூணாயிருச்சு" என்றார்.

எழுபத்தொன்றில் மறுபடி கணக்கெடுக்க வந்தபோது வீட்டைப் பூட்டிக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளையோடு புளியந்தோப்பில் போய் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். பிள்ளை என்றால், இடையில் பிறந்த பெண் குழந்தை. ஏழெட்டு வருஷம் கழித்துப் பிறந்தது. கண் படக்கூடாது என்று குப்பாயி என்று பெயர் வைத்தார்கள். மூணு வயசு முடிவதற்குள் குலதெய்வம் கரியம்மனுக்கு முடி கொடுப்பதாகத் தீர்த்தம்மாள் வேண்டிக்கொண்டாள். அதுவரை கத்தி படாத தலை அது.

அந்தக் கரியம்மன் பக்கத்தில் இருந்தால் தொல்லை இல்லை. சென்னப்பனின் முன்னோர் எந்தக் காலத்திலோ துங்கபத்திரைக் கரையிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்கள் விட்டுப்போன சொத்து அந்தக் கோயில் ஒன்றுதான். கன்னடச் சீமையில் ஹோஸ்பேட்டைத் தாண்டிப் போக வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் மொட்டை அடிக்க வேண்டும் என்பதால் நான் இல்லாமல் நடக்காது. எழுபத்திரண்டு பங்குனியில், குப்பாயிக்கு மூணு வயசு முடிய இரண்டு நாள் இருக்கும்படி நாள் குறித்தார்கள். வெள்ளிக்கிழமை காலை, பத்தரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் மொட்டை.

வேன் வருகிறது என்று சொல்லியிருந்தார். வியாழக்கிழமை விடியலில் நல்லம்பள்ளி ரோட்டில் நானும் என் பெண்டாட்டி காசியம்மாளும் மூட்டை முடிச்சோடு நின்றோம். வந்து நின்றது அவருடைய லாரி. உள்ளே அறுபது மூட்டை புளி. அதன்மேல் வைக்கோல் பரப்பி, ஜமுக்காளம் விரித்து, தீர்த்தம்மாளும் குழந்தையும் உட்கார்ந்திருந்தார்கள்.

"வேன்னு சொன்னீங்களே மாப்ள?"

"வேன்தான் மச்சான். கொஞ்சம் பெரிய வேன்."

"புளி எதுக்கு? கரியம்மனுக்குக் கொழம்பு வைக்கவா?"

"சும்மா போற வண்டிதானே. ஹோஸ்பேட்ல நல்ல வெல இருக்குதாம்."

டிரைவர் மாது சிரித்தான். காசியம்மாள் சிரிக்கவில்லை. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு சக்கரத்தில் கால் வைத்து ஏறும்போது என்னைத்தான் முறைத்தாள்.

அன்று பகல் முழுக்க நான் பட்ட எரிச்சல் கொஞ்சமல்ல. கிருஷ்ணகிரியில் இறங்கிப் புளி விலை விசாரித்தார். ஒசூரில் விசாரித்தார். பெங்களூருக்குள் பகலில் லாரியை விடமாட்டோம் என்று போலீஸ்காரர் மறித்து ஊரைச் சுற்றி அனுப்பினார். தும்கூரில் விசாரித்தார். சீராவில் மண்டி பூட்டியிருந்தது, பூட்டின கதவின்முன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். மேலே வெயிலில் புளி இளகி, வைக்கோலைத் தாண்டி ஜமுக்காளத்தில் ஒட்டியது. குழந்தையின் தலைமுடி சடை சடையாகப் புளியில் ஒட்டிக்கொண்டது. தும்கூரில் காசியம்மாள் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அவள் குடத்தைத் தட்டிக்கொண்டு ஓடிவந்ததால் தப்பித்தாள்.

"கெளம்பும்போது தலைய எண்ணிப் பாத்துட்டுக் கெளம்புங்க மாப்ள. நாம இருக்கறதே..."

"சொல்லாதீங்க மச்சான்! வாய மூடுங்க!"

"ஆறு பேருன்னு..."

"மச்சான்!"

அவர் காதைப் பொத்திக்கொண்டார். மாது ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தான். எனக்குக் கோபம் முட்டிக்கொண்டு வந்தது. அறுபது மூட்டையை மூணு தடவை எண்ணுகிற மனுஷன்!

சித்திரதுர்க்கத்தில் ஒரு சத்திரத்தில் படுத்து, கோழி கூவக் கிளம்பினோம். அங்கிருந்து மூணு, மூணரை மணி நேரம்தான், ஒன்பதுக்கு முன்னால் போய்விடலாம் என்றான் மாது. பெண்கள் குளிருக்கு மேலே தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார்கள். நான் முன்னால் சென்னப்பனுக்கும் கதவுக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு வந்தேன். வெறும் வயிற்றில் அவர் பீடிமேல் பீடியாக இழுத்தார். கண்ணாடியை இறக்கினால், "குளுருது மச்சான்" என்று ஏற்றிவிடுவார்.

வெளுக்கிற நேரத்தில் ஒரு ஏரி ஓரம் வண்டியை நிறுத்தச் சொன்னேன். இறங்கும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை.

"இனி உங்க பொகைக்குப் பக்கத்துல குந்த மாட்டேன். பின்னால மூட்டை மேல ஏறிக்கறேன்."

"உங்க இஷ்டம்."

சட்டையை சீட்டிலேயே விட்டுவிட்டு, தகர டப்பாவோடு கரைக்கு அந்தப் பக்கம் இறங்கினேன். கால் கழுவி நிமிரும்போது வண்டி உறுமியது. கரை ஏறி வருவதற்குள் பின்சக்கரத்துப் புழுதிதான் தெரிந்தது. கத்தினேன். ஓடினேன். மேலே இருந்த பெண்கள் நான் முன்னால் இருப்பதாக நினைத்தார்கள். முன்னால் இருந்தவர் நான் மேலே ஏறிவிட்டதாக நினைத்தார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திரும்பி எண்ணியிருந்தால் போதும்.

பனியனும் வேட்டியும் தகர டப்பாவுமாக நடுரோட்டில் நின்றேன். மடியில் காலணா இல்லை. நான் போகாவிட்டால் குழந்தைக்கு மொட்டை கிடையாது. ஞாயிற்றுக்கிழமையோடு வேண்டுதலின் கெடு முடிகிறது. ரெண்டு பிள்ளையை மண்ணில் போட்டவள், சாமிக்குச் சொன்ன சொல்லும் தவறிவிட்டால் இனி வருகிற ஒவ்வொரு தும்மலுக்கும் செத்துப் பிழைப்பாள். என் தங்கையை எனக்குத் தெரியும்.

நடந்தேன். வந்த பஸ்ஸின் கண்டக்டர் துட்டு இல்லை என்றதும் விசில் ஊதிவிட்டார். ரெண்டு லாரி நிற்கவேயில்லை. வெயில் ஏறியபின் ஆடு ஏற்றின லாரி ஒன்று நின்றது. எனக்குத் தெரிந்த நாலு கன்னட வார்த்தையில் கரியம்மா குடிக்கு, அதாவது கோயிலுக்கு, போகணும் என்றேன். டிரைவர் என் டப்பாவைப் பார்த்துவிட்டு, முன்னால் இடமில்லை, ஆட்டோடு ஏறிக்கொள் என்று கையைக் காட்டினார்.

நாற்பது, ஐம்பது ஆடு. நிற்க இடமில்லை. ஒன்று என் வேட்டி முனையை மென்றுகொண்டே வந்தது. கூட்லிகி ஊர் தாண்டி வெகுதூரம் போயிருக்கும். எதிரே ஒரு லாரி அவசரமாக வந்தது. நெற்றியில் மஞ்சள் பட்டை, பக்கத்தில் எங்கள் தார்ப்பாய். மேலே தீர்த்தம்மாள் எழுந்து நின்று, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"தீர்த்தா! ஏய் தீர்த்தா!" என்று கத்தினேன். நான் கத்தியதும் ஆடுகளும் சேர்ந்து கத்தின. பலகையை மடார் மடாரென்று தட்டினேன். ஆடு உதைக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, டிரைவர் வேகத்தைக் குறைக்கவில்லை. புளி லாரி தெற்கே போனது, ஆட்டு லாரி வடக்கே போனது.

கோயில் வாசலில் என்னை இறக்கிவிட்டபோது மணி பத்து. பூசாரி சிரித்துக்கொண்டே கையால் ஜாடை காட்டிச் சொன்னார். ஒன்பதுக்கு முன்பே வந்துவிட்டார்களாம். மாமனுக்குக் கட்டச் சொல்லி தங்கை புது வேட்டியை எடுத்தபோதுதான் மாமன் இல்லை என்று தெரிந்ததாம். அழுதுகொண்டே வண்டியைத் திருப்பினார்களாம்.

கோயில் படியில் உட்கார்ந்தேன். பத்தே கால். பத்தரை. ஆத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நாவிதர் கத்தியை மடக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

பதினொன்றே முக்காலுக்குத்தான் லாரி வந்தது. வழியில் ஒரு டீக்கடையில், ஆட்டுக்கு நடுவில் பனியனோடு ஒரு ஆள் போனதாகச் சொன்னார்களாம், அங்கேயே வண்டியைத் திருப்பியிருக்கிறார்கள். மாது ஆரனை அழுத்தியபடியே வந்தான். எல்லாருக்கும் முதலில் குதித்தவர் சென்னப்பன். ஓடிவந்து என் இரண்டு தோளையும் பிடித்து, தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார்.

"இருக்கீங்களா மச்சான்?"

"இல்ல, செத்து ஆடாப் பொறந்து வந்திருக்கறேன். கைய எடுங்க!"

கையை எடுத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நேரம் போயிருச்சு. பத்தரைக்குள்ளன்னுதான் ஜோசியர் குறிச்சாரு. தப்பின நேரத்துல கொழந்த தலைல கத்தி வெக்க மாட்டேன். ஊட்டுக்குப் போயி வேற நாள் பாப்போம்."

"ஞாயித்துக்கெழம மூணு வயசு முடியுதே, வேற நாளுக்கு எங்க போறது?" என்று காசியம்மாள் கேட்டாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வண்டியைப் பார்த்து நடந்தார்.

தீர்த்தம்மாள் புருஷனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குறுக்கே வந்து நின்றாள்.

"நேரம் எதனால போச்சு?"

"ஏறு தீர்த்தா."

"எதனால போச்சு, சொல்லுங்க. தலைய எண்ணாததாலதானே? எண்ணினா சாவு, எண்ணாட்டித் தொலைஞ்சு போறது. இப்பிடியே எத்தினி வருசம் நான் பயந்து சாவறது? எல்லாரும் வாங்க இங்க. கரியம்மா முன்னால நில்லுங்க."

நாங்கள் நின்றோம். மாதுவும் வந்து நின்றான். அவள் விரலை நீட்டி, வாத்தியார் எண்ணின மாதிரியே சுட்டிச் சுட்டி எண்ணினாள். சத்தமாகவே எண்ணினாள்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு." நாலு என்றதும் இடுப்பில் இருந்த குழந்தையை இறுக்கிக்கொண்டாள். புருஷனின் மார்பில் விரலை வைத்து, "அஞ்சு" என்றாள். தன் மார்பில் வைத்து, "ஆறு. ஆத்தா, ஆறு பேரும் வந்திருக்கறோம். பாத்துக்க" என்றாள்.

சென்னப்பன் இந்த முறை காதைப் பொத்தவில்லை.

"பன்னெண்டுக்கு ராகு காலம் முடியுது" என்றாள். "நாவிதரக் கூப்பிடு மாது. அண்ணா, ஆத்துல முழுவிட்டு வா. ஆட்டு நாத்தம் தாங்கல."

பன்னிரண்டரைக்கு, ஈர வேட்டியோடு நான் உட்கார்ந்தேன். மடியில் குப்பாயி. புளியும் வைக்கோலும் ஒட்டின முடி, கத்தி இறங்கவே மறுத்தது. அவள் போட்ட சத்தத்தில் அந்த ஐம்பது ஆடும் தோற்றுப்போகும். என் தொடையில் மூத்திரம் பெய்தாள். முடி மொத்தமும் அம்மன் தட்டில் விழுந்தபோது தீர்த்தம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

திரும்பும்போது சென்னப்பன் என்னைப் பின்னால் ஏறவே விடவில்லை. தர்மபுரி வரைக்கும் அவர் பக்கத்தில், அதே பீடிப் புகையில்தான் வந்தேன்.

தொல்லை அதோடு விட்டதா என்றால் இல்லை. ஊர் வந்த மறுநாள் விடியலில், நான் மாடு கறந்துகொண்டிருக்கும்போது சென்னப்பன் வந்து நின்றார். முதல் பஸ் பிடித்து, தர்மபுரியில் மாறி வந்திருக்கிறார். என்னைப் பார்த்தார். காசியம்மாள் எங்கே என்று கேட்டார். அவளையும் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். அதற்கு மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். அறுவடை நேரம், ஆள் அம்பு வருகிற நேரம், பால்காரன் காத்திருக்கிற நேரம் என்று பார்க்காமல், ஒரு மாசம் ஒருநாள் விடாமல் வந்து நின்றார். மாடு அவரைக் கண்டாலே பாலை அடக்கிக்கொண்டது. காசியம்மாள் ஒருநாள் லேசாக இருமிவிட்டாள். மருந்து வாங்கிக்கொண்டு சாயங்காலமும் வந்துவிட்டார்.

தீர்த்தம்மாள் எண்ணி மாசம் முடிந்த அன்று வந்தவர் உடனே திரும்பவில்லை. கட்டுத்தறியில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தார், பிறகு அடுப்படியில் நின்ற காசியம்மாளைப் பார்த்தார். விரல்களை மடக்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"ஆறு பேரும் இருக்கறோம், மச்சான்."

அவர் வாயால் அந்த எண்ணை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"இருக்கறோம் மாப்ள. காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றேன். "நாளைக்கு வராதீங்க."