பேசுவதற்கும் பீஸ் உண்டு

போன வாரம் ஒருநாள் காலையில் கிளினிக்கைத் திறக்கப் போன அம்மா சாவியோடு அப்படியே திரும்பி வந்தார். "டாக்டரம்மா தவறிப் போயிட்டாங்கடி" என்றார். விருத்தாசலத்தில் வசுமதி டாக்டரிடம் வைத்தியம் பார்த்த நீங்கள் எல்லோரும் கிளினிக் வாசலில் ஒரு நோட்டு வைத்து, அவரைப் பற்றி எழுதி வருகிறீர்கள். அதில் வைக்கத்தான் இதை எழுதுகிறேன். அப்பா தூங்குகிறார். விழித்துப் பார்த்தால் திட்டுவார்.

நாளை பிளஸ் ஒன் குரூப் ஃபாரம் கொடுக்க வேண்டும். எனக்கு பயாலஜி வேண்டும். செராமிக் கம்பெனியில் சூளை வேலை பார்க்கும் அப்பா, காமர்ஸ்தான் என்கிறார். "பத்து வருஷம் படிச்சு அந்தம்மா என்ன கண்டுச்சு? கடைசி வரைக்கும் வாடகை வூடு. இனிமே டாக்டர் பேச்சே எடுக்காத." நான் பயத்தில் தலையாட்டிவிட்டேன்.

அம்மா அங்கே டோக்கன் கொடுப்பவர். ஸ்கூல் விட்டு நானும் அங்கேதான் உட்கார்ந்து படிப்பேன். ஊசி போட்டால்தான் பீஸ் என்பது நம் ஊர் வழக்கம், உங்களுக்குத் தெரியாததா? ஒருநாள் கருவேப்பிலங்குறிச்சிப் பெரியவர் ஒருவரிடம் டாக்டர் அரை மணி நேரம் பேசி, தேவையில்லாத மாத்திரை ஒன்றை நிறுத்தினார். பெரியவர் தான் கொடுத்த பணத்தில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"ஊசியே போடலீங்களே! சும்மா பேசினதுக்கா காசு?"

"பேசினதுக்குத்தாங்க காசு. ஊசி யாரு வேணா குத்தலாம்."

"அப்ப பேசிக்கிட்டே ஒண்ணு குத்திவுட்டுடுங்களேன்!"

டாக்டர் சிரித்து ஓய நேரமானது. மறுநாள் அவர் கையெழுத்திலேயே ஓர் அட்டை சுவரில் தொங்கியது: 'பேசுவதற்கும் பீஸ் உண்டு.'

எலும்பு டாக்டருக்கு மட்டும் ஏன் அவ்வளவு வருமானம் என்று டாக்டரிடம் ஒருமுறை கேட்டேன். "அறுத்துத் தைக்கிறது கண்ணுக்குத் தெரியுது. யோசிக்கிறது தெரியலியே" என்றார். சென்னைக்குப் போயிருந்தால் நிறைய கிடைத்திருக்குமா என்றதற்கு, "அங்க டாக்டருங்க வரிசையில நிக்கிறாங்க. புதுசா போறவங்களுக்குக் கம்மிதான். ஆளு கெடைக்காத ஊருலதான் கூப்ட்டுக் குடுப்பாங்க" என்றார். அதுவரை நான் நேர்மாறாக நினைத்திருந்தேன்.

முன்பு அவர் ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலும் காலை நேரம் வேலை பார்த்தார். அம்மா அப்போது அங்கே ஆயா. அதே படிப்பு, அதே வேலையில் சேர்ந்த ஆண் டாக்டருக்குச் சம்பளம் கூடுதல் என்று தெரிந்ததும், டாக்டர் நேராக மேனேஜர் அறைக்குப் போனாராம்.

"அவருக்குக் குடும்பம் இருக்குதுங்களே மேடம்."

"எனக்கென்ன, காக்காவா சோறு போடுது? ரிஜிஸ்டர எடுங்க. யாரு எத்தன பேரப் பாத்தோம்னு பாக்கலாம்."

அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் மேனேஜர். டாக்டர் எழுந்து போகவில்லை. ரிஜிஸ்டர் வரும்வரை உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதம் இருவருக்கும் ஒரே சம்பளம். அம்மாவிடம் அவர் சொன்னது: "கேக்க வெக்கப்பட்டா, அந்த வெக்கத்தையும் கழிச்சுக்கிட்டுத்தான் குடுப்பாங்க."

அப்பா சொல்வதில் வாடகை வீடு உண்மைதான். மற்றதெல்லாம் அப்பாவுக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை.

ஃபாரத்தில் பயாலஜி என்று பேனாவால் எழுதிவிட்டேன். அப்பாவின் கையெழுத்துக்கான இடம் மட்டும் காலியாக இருக்கிறது. காலையில் அவர் டீ குடிக்கும்போது நீட்டுவேன். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பேன். டாக்டரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அதைத்தான்.