எழும்பாத புள்ளிகள்

கம்ப்யூட்டரைக் கண்டுபிடிச்சவன்மேல எனக்குக் கோபம் கிடையாது. அதுல அப்டேட்னு ஒண்ணைக் கண்டுபிடிச்சானே, அவன் மட்டும் ஸ்ரீரங்கத்துப் பக்கம் வந்தா என் கையில மாட்டணும்.

எனக்குப் பார்வை கிடையாது. திருச்சியில ஒரு காலேஜ்ல வரலாறு சொல்லிக் குடுக்கிறேன். என் லேப்டாப்போட ஒரு பிரெய்ல் டிஸ்ப்ளே இருக்கு. கீபோர்டு நீளத்துக்கு ஒரு பட்டை. திரையில இருக்கிற வரி அதுல பொடிப் புள்ளிகளா எழும்பும், நான் விரலால தடவிப் படிப்பேன். லேப்டாப் வாய்விட்டும் படிக்கும்தான். ஆனா காதுல ஒரு குரலைக் கேட்டுக்கிட்டே வாயால பாடம் நடத்த முடியுமா? பைத்தியம் பிடிச்சிரும். வகுப்புல எனக்கு இந்தப் பட்டை இல்லாம ஆகாதுங்க.

காலேஜ் லைப்ரரிக்கும் இதே மாதிரி ரெண்டு வாங்கணும்னு மூணு வருஷமா கத்திக்கிட்டிருந்தேன். பார்வையில்லாத பிள்ளைங்க ஏழு பேர் அங்க படிக்கிறாங்க. கடைசியில பிரின்சிபால் இறங்கி வந்தாரு. "செமினார் ஹால்ல எல்லார் முன்னாடியும் வாசிச்சுக் காட்டுங்க சார். பார்த்துட்டு முடிவு பண்றோம்."

அன்னைக்குக் காலையில சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இறங்கி, வேகுவேகுன்னு ஹாலுக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தா, அது யாரையும் கேட்காம தன்னைத்தானே புதுப்பிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு. பட்டையை அதுக்கு அடையாளமே தெரியலை. நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு! கம்பியைப் பிடுங்கித் திரும்பச் செருகினேன். புள்ளி எழும்புச்சு, தமிழைக் காணோம். ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலா ஏதோ நம்பரு. தமிழ் பிரெய்ல் அமைப்பைத் தூக்கி எறிஞ்சுட்டு இங்கிலீஷை வச்சிருக்கு. இதுக்கு முன்னாடியும் நடந்ததுதான். பட்டை செஞ்சவங்களைக் கேட்டா, "அது சிஸ்டத்தோட கோளாறு"ம்பாங்க. சிஸ்டம்காரங்களைக் கேட்டா, "பட்டைக்காரங்களைக் கேளுங்க"ம்பாங்க. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சொல்லுவாங்க. எனக்கு ரெண்டு பூசாரி.

நான் அந்தத் தமிழ் அமைப்பைத் தேடிக்கிட்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் லேப்காரர் உதவிக்கு வந்தாரு. நல்ல மனுஷன், என்ன செய்ய. "கொஞ்சம் தள்ளுங்க சார்"னு உட்கார்ந்தாரு. ரெண்டு நிமிஷம் கழிச்சு, "ஏதோ ஒரு குரல் ஓயாம பேசிக்கிட்டே இருந்துச்சு சார், நிறுத்திட்டேன். இப்ப எல்லாம் பளிச்சுன்னு தெரியுது"ன்னாரு.

அடப் பாவி மனுஷா! அந்தக் குரல் வர்ற மென்பொருள்தான் பட்டைக்கும் எழுத்தை அனுப்புது. அதை நிறுத்தினா பட்டை வெறும் பலகை. திரும்பப் போட்டாலும் நம்பர்தான் வரும். கொஞ்சம் டைம் குடுங்கன்னு கேட்டிருக்கலாம். ஆனா முன்வரிசையில யாரோ "பாவம்"னு சொன்னது காதுல விழுந்துச்சு. சுர்ருன்னு ஏறிடுச்சு எனக்கு.

செத்துக் கிடந்த பட்டைமேல விரலை ஓட்டிக்கிட்டே, பதினஞ்சு வருஷமா நடத்தற உறையூர்ச் சோழர் பாடத்தை அப்படியே ஒப்பிச்சேன். கைதட்டல் அடங்க நேரமாச்சு. "இதே மாடல்ல ரெண்டு வாங்கிடுவோம்"னு பிரின்சிபால் மைக்லயே சொல்லிட்டாரு.

கூட்டம் கலைஞ்சப்ப முதல் வருஷத்துப் பொண்ணு ஒருத்தி மேடைக்கு வந்தா. பச்சைமலைக்காரி, அவளுக்கும் பார்வை கிடையாது. "தொட்டுப் பார்க்கவா சார்?" வேண்டாம்னு சொல்ல வாய் வரலை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தடவினா. மறுபடியும் தடவினா.

"சார், இதுல ஒண்ணுமே இல்லையே," மெதுவாத்தான் கேட்டா. "எங்களுக்கு வாங்கறதும் இப்படித்தான் இருக்குமா?"

நேரா பிரின்சிபால்கிட்ட போனேன். "சார், மெஷின் ஓடலை. நான் வாசிக்கவே இல்லை, மனப்பாடமா ஒப்பிச்சேன். லைப்ரரி கம்ப்யூட்டரோட சேருதா, தமிழ் வருதான்னு பார்க்காம வாங்கிடாதீங்க."

அவரு சிரிச்சுக்கிட்டே என் தோள்ல தட்டினாரு.

"அடக்கத்துக்கும் ஒரு அளவு வேணும் சார். நீங்க வாசிச்சதை என் ரெண்டு கண்ணால பார்த்தேனே!"