வெள்ளைக்காரர் சர்ச்சில் ஓர் அர்ச்சனை

கொழும்பிலிருந்து தங்கச்சி குடும்பத்தோடு வந்தால் அம்மாவின் முழங்கால் வலி எங்கே போகுமோ தெரியாது. தினமும் தைலம் தேய்த்துவிடுகிறவள் நான். தங்கச்சியின் வேன் சத்தம் கேட்டால் எங்கள் லயத்து வீட்டு வரிசையின் முனை வரை ஓடுகிறவள் அம்மா. இந்தத் தடவை வழியில் வெலிமடையில் நிறுத்தி, வெங்காயத்தாள் மாதிரித் தடித்த லீக்ஸ் வாங்கி வந்திருந்தாள். "எம்புட்டு வெள்ளையா இருக்கு பாரேன்!" என்று அம்மா அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். நான் வாராவாரம் வாங்கி வருவது மட்டும் கறுப்பாகவா இருக்கிறது?

மறுநாள் தங்கச்சியின் பிள்ளைகள் பதுளை டவுனில் இருக்கிற பழைய சர்ச்சைப் பார்க்க வேண்டும் என்றார்கள். வெள்ளைக்காரத் துரைமார் கட்டியது. நானும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகாமல் கிளம்பினேன். வேனில் அம்மா தங்கச்சியை ஒட்டி உட்கார்ந்தாள். எனக்குப் பின்சீட்டு, பைகளோடு.

சர்ச் வாசலில் அம்மா செருப்பைக் கழற்றினாள். அவளைப் பார்த்து எல்லோரும் கழற்றினோம். உள்ளே சுவரெல்லாம் செத்துப்போன துரைமாரின் பெயர் பொறித்த பித்தளைத் தகடுகள். பிள்ளைகள் அதைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா நாலாபக்கமும் பார்த்துவிட்டு, "அர்ச்சனைத் தட்டு எங்க வாங்குறது?" என்று கேட்டாள்.

தங்கச்சி சிரித்துவிட்டாள். "இது சர்ச்சும்மா. இங்க ஐயரெல்லாம் கெடையாது."

"சாமி இருக்குல்ல? அப்ப நானே சொல்லிக்கிறேன்."

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூசாரி இல்லாத நாட்களில் அம்மா இப்படித்தான் செய்வாள். வீட்டு ஆட்களின் பெயர், நட்சத்திரம், ராசி எல்லாவற்றையும் தானே சாமியிடம் ஒப்பிப்பாள். இங்கேயும் சிலுவைக்கு முன்னால் கைகூப்பி நின்று ஆரம்பித்தாள். தங்கச்சி பெயர், ரோகிணி, ரிஷப ராசி. மாப்பிள்ளை பெயர், உத்திரட்டாதி, மீன ராசி. பிறகு பேரப்பிள்ளைகள். கடைசியில் என் பெயர் வரும் என்று நான் பின்னால் காத்துக்கொண்டு நின்றேன். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டாள். அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் என்னால் அடக்க முடியவில்லை. "ஏம்மா, நான் என்ன செத்தா போயிட்டேன்? எம்பேரு வாயில வரலையோ?"

"என்னடி பேச்சு இது! எம்பேரையுந்தான் சொல்லல. தூரத்துல கெடக்குற புள்ளைகளைத்தான் சாமிகிட்ட சொல்லி வைக்கணும். நீ எங்கூடத்தானடி இருக்க?"

நல்ல பதில்தான். கண்கூடக் கலங்கியது. ஆனால் கூட இருக்கிறவளுக்குச் சாமி வேண்டாமா? மலையில் அட்டை கடிப்பதும் குளவி கொட்டுவதும் எனக்குத்தானே, கொழும்பில் இருக்கிறவளுக்கா? தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்று சும்மாவா சொன்னார்கள்!

பாதி மாட்டிய செருப்பை உதறிவிட்டுத் திரும்பினேன்.

"எங்கக்கா போற?" என்றாள் தங்கச்சி.

"வந்துர்றேன், இரு."

சிலுவைக்கு முன்னால் போய் நின்று சத்தமாகவே சொன்னேன். அம்மா பெயர், மகம், சிம்ம ராசி. என் பெயர், சுவாதி, துலா ராசி. மற்றவர்களைச் சொல்லவில்லை. அவர்களுக்குத்தான் ஏற்கெனவே சொல்லியாயிற்றே.