நான் கட்டிய கட்டு

எலும்பு முறிந்தால் எங்கள் பக்கத்தில் யாரும் முதலில் ஆஸ்பத்திரியை நினைப்பதில்லை. எங்கிருந்தோ வருகிறவர்களே புத்தூரில் கட்டுப் போட்டுக்கொண்டு போகும்போது, வடமாலபேட்டையில் இருக்கும் நாங்கள் வேறெங்கே போவோம்? முறிந்த என் மணிக்கட்டும் அங்கேதான் கூடியது. அப்போது பார்த்ததை வைத்து எனக்கும் கட்டத் தெரியும் என்று நினைத்துவிட்டேன். பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற கர்வம் வேறு.

எங்கள் நாய் சென்னை ரோட்டில் பைக்கில் அடிபட்டு, முன்னங்கால் தொங்க வந்து நின்றது. தூக்கப்போன என்னைக் கடித்தது. வலியில் கடிக்கிறது என்று புரியாமல் அதட்டினேன்.

"ஆட்டோ கூப்புடுங்க. திருப்பதி கால்நடை ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாம்" என்றாள் மனைவி.

"புத்தூரைப் பக்கத்துல வச்சிக்கினு திருப்பதிக்கா? நானே கட்டறேன்."

"ஆமா, பெரிய டாக்டரு!"

முட்டை வெள்ளைக்கரு, அரைத்த தழை, மூங்கில் சிம்பு, பழைய வேட்டித் துணி. தோல் கிழிந்திருந்த இடத்தின் மேலேயே இறுக்கிக் கட்டினேன். எனக்குக் கட்டியவர், விரல் வீங்குகிறதா, மரத்துப்போகிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அது நினைவுக்கு வரவில்லை. நாயால் சொல்லவும் முடியாது. பல்லால் கட்டைப் பிய்க்கப் பார்த்தது. நான் அதன் வாயையும் கட்டி, சோறு வைக்கும்போது மட்டும் அவிழ்த்தேன்.

"மூணு நாளாச்சி, வாடை அடிக்குதுங்க. பிரிச்சிப் பாருங்க."

"நடுவுல பிரிச்சா எலும்பு கூடாது."

கடைசியில் அவளே கத்தரிக்கோலை எடுத்து வெட்டினாள். பாதம் கறுத்துச் சில்லிட்டிருந்தது.

திருப்பதியில் பார்த்த பெண் டாக்டர், "யாரு சார் இப்பிடிக் கட்டினது? ரத்த ஓட்டமே நின்னுபோயிருக்கு" என்று கேட்டார்.

"ஊர்ல ஒருத்தர்" என்றேன்.

மனைவி என்னைப் பார்த்தாள். அந்தக் காலை எடுக்க வேண்டியதாயிற்று. ஊருக்குத் திரும்பிய பிறகும், கேட்டவர்களிடம் யாரோ ஒருத்தர் கட்டினார் என்றே சொன்னேன்.

இப்போது கதவுக்குப் பின்னால் ஒரு பை தொங்குகிறது. காயத்தை மூடச் சுத்தமான துணி, ரத்தம் வந்தால் அழுத்திப்பிடிக்கப் பஞ்சு, கடிக்காமல் இருக்க வாய்க்கு ஒரு நாடா, தூக்குவதற்குக் கெட்டியான போர்வை. டாக்டர் நம்பரும் ஆட்டோக்காரர் நம்பரும் பையின் மேலேயே எழுதியிருக்கிறேன். நாம் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால், மாத்திரை எதுவும் அதில் இல்லை.

போன மாதம் எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்தார்.

"சார், எங்க நாயைக் கார் அடிச்சிட்ச்சி. உங்களுதுக்குக் கட்டினாரே, அவரு யாரு சார்? கால் போனாலும் உசுரைக் காப்பாத்திக் குடுத்தாரே!"

என் பொய் ஊருக்குள் இப்படி வளர்ந்திருந்தது. மூன்று காலில் எழுந்து வந்து எங்கள் நாய் என் பக்கத்தில் நின்றது.

"நான்தாங்க கட்டினேன். அதனாலதான் கால் போச்சி. உங்களுதுக்குக் கட்டு வேணாம், ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

அவர் பதில் சொல்வதற்குள் மனைவி பையை என் கையில் கொடுத்துவிட்டு ஆட்டோவுக்குப் போன் செய்தாள். மூச்சுத் திணறவில்லை என்று பார்த்த பிறகு, அந்த நாயின் வாயில் நாடாவைச் சுற்றினேன். இருவருமாகப் போர்வையில் கிடத்தித் தூக்கினோம்.

ஆட்டோ கிளம்பியதும் அவர் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இறுக்கலியே, சார்?"

கேட்க வேண்டிய கேள்விதான். நாடாவுக்கு அடியில் என் விரலை விட்டு, அவருக்குத் தெரியும்படி அசைத்துக் காட்டினேன்.