காணாமல் போன நான்காம் பக்கம்

நாற்பத்தெட்டு வயதில் படைப்பிலக்கியத்தை முதன்மைப் பாடமாக எடுத்துப் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். சனி, ஞாயிறு மட்டும் வகுப்பு. பிள்ளையார்பாளையத்திலிருந்து சென்னைக்குப் பேருந்தில் போய்வருவேன். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும், ஆசிரியர் என்று நினைத்துப் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். உட்காரச் சொல்லாமல் கொஞ்ச நேரம் அனுபவித்தேன்.

கடைசிப் பருவத்துக்கு ஒரு கதை எழுதிக் கொடுத்தேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவரான பேராசிரியைக்கு அது பிடித்துவிட்டது. மூன்றாம் பக்கத்திலிருந்து கதை சட்டென்று தாவுகிறதே, அந்தத் துணிச்சல் அபாரம் என்றார். உண்மையில் நான்காம் பக்கத்தையே காணோம். டைப் கடைக்காரர் தொலைத்துவிட்டார் போல. பாராட்டு வந்த பிறகு அதைச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா? அடக்கமாகத் தலையாட்டினேன்.

அப்புறம் விழுந்தது இடி. வீட்டு மனிதர்களைப் பற்றி எழுதினால், கதையை அறிந்து அவர்கள் சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டுமாம். வரும் சனிக்கிழமைக்குள் கடிதம் வராவிட்டால் மதிப்பெண் இல்லை, பட்டமும் இல்லை.

கதை என் மனைவியைப் பற்றியது. நாங்கள் கோர்வைச் சேலை நெய்கிறவர்கள். சேலையின் உடலை நான் நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நூல் ஓடும் நாடாவை அவள் தள்ளுவாள். நான் டீ குடிக்கப் போகும்போது, நான் தப்பாக ஓட்டிய இழைகளைப் பிரித்து, இரண்டு நாடாவையும் தானே ஓட்டித் திருத்தி நெய்துவிடுவாள். இருபது வருடமாக நடக்கிறது. அவள் சொன்னதில்லை. தெரியும் என்று நானும் காட்டிக்கொண்டதில்லை. தெருவில் எனக்குப் பிழையில்லாத கை என்று பெயர். அந்தக் கை யாருடையது என்பதுதான் கதை.

இதை அவளிடம் எப்படி நீட்டுவது? கடிதத்தோடு அடுப்படிக்குப் போய், குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். குழம்பு அப்போது இறங்கவே இல்லை. கேஸ் சிலிண்டர் புத்தகத்துக்குள் செருகி வைத்தேன். பயந்து நானே எடுத்துவிட்டேன். அவள் கையெழுத்தைச் செய்தித்தாளில் போட்டுப் பார்த்தேன். வரதராஜர் கோயில் பல்லி மாதிரி வந்தது.

வெள்ளிக்கிழமை வேறு வழியில்லை. கோர்வைத் தறியில் பாதியில் ஒருவர் எழுந்தால் மற்றவர் வேலையும் நின்றுவிடும், அதனால் எழமாட்டாள் என்று ஒரு தெம்பு. தறியைப் பார்த்தபடியே கதையை ஒப்பித்தேன். மூன்று பக்கம் முடிந்தபோது அவள் நாடா நின்றது.

“அடுத்தத சொல்லாதீங்க. அது நல்லா இல்ல.”

“எது?”

“நான் உங்களுக்காகத் தியாகம் பண்றேன்னு அழுதுக்கினே ஒரு பக்கம் எழுதியிருந்தீங்களே, அது. டைப்பு கடைக்கு நீங்க எடுத்துக்கினு போறதுக்கு முன்னாடியே உருவிட்டேன். நான் இன்னா தியாகம் பண்ணேன்? சேலை திரும்பி வந்தா எனக்குந்தானே பேஜாரு.”

அந்தப் பக்கம் இல்லாத துணிச்சலுக்குத்தான் பேராசிரியை என்னைப் பாராட்டினார் என்பதையும், அவள் கையெழுத்து வேண்டும் என்பதையும் ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவள் சிரிக்கவில்லை. கடிதத்தை வாங்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். கடைசியில் தறிக்கட்டையின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பல்லி மாதிரி இல்லை.

பிறகு, நான் நெய்திருந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள்.

“போய் டீ குடிச்சிட்டு வாங்க.”

கதை சொன்ன பதற்றத்தில் எத்தனை இழை தப்பியதோ. கடையில் உட்கார்ந்து, அவளுக்கு நேரம் போதாதே என்று இரண்டாவது டீயும் சொன்னேன்.