கலஹா இறக்கமும் இரண்டு சோடிச் சில்லுகளும்

நீ பொய் சொன்னாய். நான் கம்பிகளை அளவுக்கு மீறி இறுக்கியதால்தான் உன் முன்சில்லு வெடித்தது என்று நம் சைக்கிள் குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதினாய். அதற்குப் பிறகு சக்கரக் கோட்டம் எடுக்கச் சொல்லி ஒருவரும் என்னிடம் சில்லு கொண்டு வரவில்லை. ஒன்பது வருடமாகச் சனிக்கிழமைகளில் என் வாசல் சுவரில் நாலு சைக்கிளாவது சாய்ந்திருக்கும். இப்போது சுவர் மட்டும்தான் இருக்கிறது.

இரண்டு பேரும் ஒரே நாளில் வாங்கிய ஒரே ரகச் சில்லுகள். கொழும்பிலிருந்து கண்டி வரை ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். வடை விற்றவர் பார்த்துவிட்டு, "மிச்சச் சைக்கிளைத் தின்னுட்டீங்களா தம்பி?" என்று கேட்டார். பேராதனை வரை நீ சிரித்துக்கொண்டே வந்தாய்.

என்னுடையதை இந்த வாரம் கழற்றிப் பார்த்தேன். பின்சில்லில் பெயரிங் இரண்டு தடவை மாற்றியாயிற்று. கம்பி இரண்டு உடைந்து புதிது போட்டேன். ஏற்றத்தில் கனம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பிரேக் உரசும் பக்கத்தில், தேய்மானம் பார்ப்பதற்கென்று போட்டிருக்கும் அந்த ஊசிமுனைக் குழி இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது. நல்ல சில்லு. இன்னும் ஒரு வருடம் ஓடும்.

உன்னுடையதில் ரிம் தேய்ந்து அந்தக் குழி எப்போதோ போய்விட்டது. கலஹாவிலிருந்து இறங்கும்போது ஒரு வளைவில்கூட நீ பிரேக்கை விட்டதில்லை.

"விட்டு விட்டுப் பிடிடா மச்சான்."

"எனக்குப் புள்ளைங்க இருக்கு. நீ போய்ச் சாவு."

மழையில் ஓடினால் பிரேக் கட்டைக்குள் மணல் ஏறும், ரிம்மை அரம் மாதிரி ராவும். நான் வீட்டுக்கு வந்ததும் ஊக்கால் குத்தி எடுப்பேன். நீ துணியால் துடைத்துவிட்டுத் தூங்குவாய்.

ஆனாலும் நாம் சேர்ந்து ஓடிய ஞாயிற்றுக்கிழமைகளை மறக்க முடியவில்லை. கலஹா தேத்தண்ணிக் கடையில் பிளேன்டிக்கு உள்ளங்கையில் சீனி வாங்கி, நீ பாதியை என் கையில் தட்டுவாய். உன் கை எப்போதும் ஈரம், சீனி ஒட்டிக்கொள்ளும்.

போன மழைக்காலத்தில் அந்தக் கடைக்குப் பின்னால், தண்ணிக் குழாயடிக்கு உன்னைத் தனியாகக் கூப்பிட்டுப் போனேன்.

"குழி போயிட்டு மச்சான். ரிம்மை மாத்து."

"மெதுவாப் பேசு. அவனுங்க காதுல விழப்போவுது."

அடுத்தவன் சைக்கிளின் குறையை நாலு பேர் முன்னால் சொல்வதில்லை என்பது நம் பழக்கம். குரலைத் தாழ்த்தினேன். நான் செய்த பிழை அதுதான். உன் மானத்தைக் காப்பாற்றினேன், எனக்குச் சாட்சி இல்லாமல் போனது.

சில்லு வெடித்து நீ விழுந்து தோள் எலும்பு உடைந்த அன்று, ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோவில் உன் சில்லை நான்தான் மடியில் வைத்திருந்தேன். அது இன்னும் என் வீட்டில் இருக்கிறது. கம்பி இறுக்கி வெடித்தால் கம்பி ஓட்டையைச் சுற்றித்தான் வெடிக்கும். உன்னுடையது பிரேக் தேய்த்து மெலிந்த பக்கத்தில், டயர் உட்காரும் விளிம்பு நெடுகக் கிழிந்திருக்கிறது.

இரண்டு சில்லுகளின் படத்தையும் குழுவில் போட்டுவிட்டேன். எனக்குத் தனியாக ஃபோன் எடுக்காதே. குழாயடியில் நான் சொன்னேனா, இல்லையா? பொய்யை எழுதிய அதே இடத்தில், எல்லோரும் பார்க்க, பதில் எழுது.