கோலமாவில் ஒரு அ

பேத்தியின் பாலர் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது. இந்த வாரம் ‘அ’ வாரமாம். அ எழுத்தின் மேல் பருப்பு ஒட்ட வேண்டும், மணலில் விரலால் எழுத வேண்டும், கோதுமை மாவைப் பிசைந்து அ செய்ய வேண்டும். மகள் படித்துச் சொல்லிவிட்டு, “எப்படியெல்லாம் யோசிக்கிறாங்க பாரும்மா” என்று வியந்தாள். நான் பருப்பு டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். இதையெல்லாம் நான் தொண்ணூறாம் வருஷ வாக்கிலேயே செய்து முடித்தாயிற்று. அப்போது எனக்கு வயது எட்டு. என்னிடம் படித்தது என் தங்கச்சி.

அப்போது திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் அடி அண்ணாமலையில் இருந்தோம். அப்பா டவுனில் கடலை மண்டியில் மூட்டை தூக்கினார். அம்மா களை எடுக்கக் கூலிக்குப் போவாள். தங்கச்சியைப் பார்த்துக்கொண்ட அத்தை கல்யாணமாகிப் போனதும் அந்த உத்தியோகம் எனக்கு வந்தது. இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. நிறுத்தினார்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. இடுப்பில் பிள்ளை இருந்தால் தோளில் பை நிற்காது, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் போகிறேன் என்று தினமும் நச்சரித்ததில் ஒருநாள் அம்மா, “அவளும் ஸ்கூலுக்குப் போயிட்டா நீயும் போடி, யாரு வாணான்னா?” என்றாள். அலுப்பில் சொன்னதுதான். ஆனால் நான் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

தங்கச்சிக்கு ஐந்து வயது நிறையவில்லை. சேர்க்கப் போனபோது பெரிய வாத்தியார் அவளை வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். எங்களுக்கெல்லாம் அதுதான் பிறந்த சர்ட்டிபிகேட். அவளுக்கு எட்டவில்லை. நான் பின்னால் நின்று காதை மேலே தூக்கிப் பிடித்தேன்.

“இன்னாடி, காதை வேரோட புடுங்கிடுவே போலகீதே?” என்றவர், அம்மா கெஞ்சியதில் கொஞ்சம் இளகினார். “பத்து நாள் கழிச்சுக் கூட்டினு வா. அ எழுதிட்டான்னா சேத்துக்கறேன். இல்லன்னா அடுத்த வருஷந்தான்.”

அடுப்புச் சாம்பலைத் தரையில் பரப்பி, அவள் விரலைப் பிடித்து எழுத வைத்தேன். எழுதிய விரலை வாயில் வைத்துக்கொண்டாள். புளியங்கொட்டையை அ மாதிரி அடுக்கினேன். ஒன்றை மூக்கில் போட்டுக்கொண்டாள். அதை வெளியே எடுப்பதற்குள் ஒரு பகல் போயிற்று. மல்லாட்டை என்போம் வேர்க்கடலையை. அதை வறுத்து அடுக்கியது என் புத்தி கெட்ட நேரம். சுழியைத் தின்றாள், வயிற்றைத் தின்றாள், குறுக்குக் கோட்டைத் தின்றாள், நிமிர்ந்து நின்ற கம்பையும் தின்றுவிட்டு, “அக்கா, இன்னொரு அ போடு” என்றாள்.

நாலாம் நாள் காலையில் அம்மா வாசலில் கோலம் போட்டபோது, இவளும் ஒரு பிடி மாவை எடுத்து இழுத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான்கு புள்ளி வைத்துக் கொடுத்தேன். முதல் புள்ளியைச் சுற்றி ஒரு சுழி, மற்றதை வளைத்து வயிறு, குறுக்கே கோடு, பக்கத்தில் கம்பு. பிடித்துக்கொண்டாள். முழங்காலை மடக்காமல் குனிந்து, இரண்டு விரலுக்கு நடுவே மாவை விட்டு, எங்கள் வாசலில் போட்டாள், பக்கத்து வாசலில் போட்டாள், மாட்டுக் கொட்டகை முன்னாலும் போட்டாள்.

“டப்பா தொடச்சாப்பல கெடக்குது. நாளைக்கு வாசலுக்கு உங்க வாத்தியாரா மாவு கொண்டாருவாரு?” என்று அம்மா திட்டினாள். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

பத்தாம் நாள் வாத்தியார் ஒரு ஸ்லேட்டையும் சாக்பீஸ் துண்டையும் கொடுத்தார். தங்கச்சி ஸ்லேட்டைத் தரையில் வைத்தாள். எழுந்தாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்தாள். சாக்பீஸை ஸ்லேட்டுக்கு ஒரு சாண் மேலே பிடித்து இரண்டு விரலால் உருட்டினாள். விரல்தான் வெளுத்தது. இன்னும் அழுத்தி உருட்டினாள். உதடு பிதுங்கியது.

“அக்கா, மாவு வுழலக்கா.”

“இன்னாம்மா இது, எழுதச் சொன்னா மூக்குப்பொடி போடுது?” வாத்தியார் சிரித்துக்கொண்டே நோட்டை மூடினார். “கூட்டினு போ. அடுத்த வருஷம் பாக்கலாம்.”

இத்தனை நாளும் மாவைத் தூவக் கற்றுக்கொடுத்தேனே தவிர, எழுதுகோலைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. தப்பு என்னுடையது. அடுத்த வருஷம்வரை நான் வீட்டில் கிடந்தால் அப்புறம் என்னை யார் சேர்ப்பார்கள்? அம்மா வாசல்வரை போய்விட்டாள். நான் கரும்பலகையிடம் ஓடினேன். அடிக்கட்டையில் படிந்திருந்த சாக்பீஸ் தூளை இரண்டு கையாலும் வழித்து வந்து தங்கச்சியின் உள்ளங்கையில் கொட்டினேன்.

“இப்பப் போடுடி.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டே நான்கு புள்ளி வைத்தாள். வாத்தியாரின் செருப்புக்கு முன்னால், சிமெண்டுத் தரையில், சுழி வந்தது, வயிறு வந்தது, கோடும் கம்பும் வந்தன. அவ்வளவு பெரிய அ-வை அந்தப் பள்ளிக்கூடம் கண்டிருக்காது. வாத்தியார் மிதித்துவிடாமல் காலை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“யாரு சொல்லிக் குடுத்தது?”

“நான்தான் சார்.”

நோட்டைத் திறந்து தங்கச்சியின் பெயரை எழுதினார். மேஜை டிராயரிலிருந்து ஸ்லேட்டுக் குச்சி இரண்டை எடுத்தார். பல்பம் என்போம். அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. “நாளைலேருந்து இந்த டீச்சரம்மாவும் வந்துடணும், தெரியுதா?”

வெளியே வந்ததும் அம்மா புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். வாத்தியாரிடம் பேசிய பயம்தான் என்று நினைத்தேன். சத்துணவு ஆயா தண்ணீர் கொண்டுவந்து தந்து, குரலைத் தாழ்த்தி, “எத்தினி மாசம்டி?” என்று கேட்டாள். அம்மா மூன்று விரலைக் காட்டினாள். ஆயா என்னைப் பார்த்தாள்.

“அப்ப இவ படிப்பு?”

அம்மா மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எந்த பெஞ்சில் உட்காருவேன், யார் பக்கத்தில் உட்காருவேன் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள்.

“அந்தப் பல்பத்தக் குடுடி.”

கொடுத்தேன். பார்த்துவிட்டுத் திருப்பித் தருவாள் என்றிருந்தேன். வாயில் வைத்து நறுக்கென்று கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு, மென்று, முழுவதையும் தின்றாள். தங்கச்சி தன்னுடையதைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

எனக்கு அம்மாவைப் பார்த்துப் பாவமாக இருந்தது. பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவள், பல்பம் எதற்கென்றுகூடத் தெரியவில்லை. நாளைக்கு ஸ்கூல் விட்டு வந்ததும் முதல் வேலையாக இவளுக்கும் அ சொல்லிக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.